பூவோடு போன சாவி

முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். எங்கள் வேனுக்கு இருந்த இரண்டே இரண்டு சாவிகளையும் பதினொன்றாவது மாடியிலிருந்து குப்பைக் குழாய்க்குள் போட்டவன் நான்தான். திருடன் வரவில்லை, பை கிழியவில்லை. என் கையால், முழு நினைவோடு, காலையில் காப்பி குடித்த பிறகு போட்டேன். காப்பிக்கு முன்பு போட்டிருந்தாலாவது தூக்கக் கலக்கம் என்று ஒரு சாக்கு இருந்திருக்கும்.

முந்தின நாள் ஆயுத பூசை. ஆங் மோ கியோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கை ஒட்டிய கார் நிறுத்துமிடத்தில் சாயங்காலமே வேனைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். பழம் நசுங்கிய சத்தம் சரியாகக் கேட்கவில்லை என்று முன்னும் பின்னுமாக மூன்று தடவை ஓட்டினேன். பக்கத்து வண்டிக்காரர், என்னால் வண்டியை வெளியே எடுக்க முடியவில்லை என்று நினைத்து, "ரிவர்ஸ்! ரிவர்ஸ்!" என்று கைகாட்டி உதவி செய்தார்.

அதற்குப் பிறகுதான் விஷயம். ஆயுதங்களை இரவெல்லாம் சாமி முன்னால் வைத்து மறுநாள் காலையில் எடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். என் ஆயுதம் வேன் சாவி. ஒன்றை மட்டும் வைத்தால் மற்றொன்று கோபித்துக்கொள்ளுமே என்று, அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த மாற்றுச் சாவியையும் எழுப்பிக் கொண்டுவந்து, இரண்டையும் ஒரே வளையத்தில் கோத்தேன். தட்டில் வைத்துப் பார்த்தேன். மொட்டையாக இருந்தது. சாமந்திச் சரத்தை எடுத்து ஐந்து சுற்று சுற்றினேன். இப்போது சாவி தெரியவில்லை, பூ மட்டும்தான் தெரிந்தது. அடடா, என்ன அழகு என்று கைப்பேசியில் படம்கூட எடுத்து மனைவிக்கு அனுப்பினேன். பின்னால் விசாரணையில் அந்தப் படம்தான் எனக்கு எதிரான முக்கியச் சாட்சி.

என் மனைவி மறுநாள் காலை வழக்கம்போல் ஆறு மணிக்கு முன்பே ரயிலேறப் புறப்பட்டாள். கதவருகே நின்று சொன்னாள்: "சாவிய எடுத்துட்டு, பூவ எல்லாம் கீழ மரத்தடியில போட்டுடுங்க. குப்பையில போடாதீங்க, சாமிக்கு வச்ச பூ."

"சரி சரி," என்றேன், போர்வைக்குள்ளிருந்து.

எழுந்தபோது வெளியே தூறல். மரத்தடிக்குப் போக வேண்டுமென்றால் சட்டை மாட்ட வேண்டும், குடை தேட வேண்டும், மின்தூக்கிக்குக் காத்திருக்க வேண்டும். குப்பைக் குழாயோ சமையலறையிலேயே இருக்கிறது. கையை நீட்டினால் போதும். தட்டிலிருந்த பூ, வெற்றிலை, பொரி எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் வழித்துப் போட்டு முடிச்சுப் போட்டேன். சாமிக்கு உரிய மரியாதை தர வேண்டும் என்று இரண்டு முடிச்சாகப் போட்டேன். குழாயைத் திறந்து உள்ளே விட்டேன். கீழே போகும்போது 'டங்' என்று ஒரு சத்தம் கேட்டது. பூவுக்கு இவ்வளவு கனமா என்று அப்போதே யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. தட்டைத் தேய்த்துக் கழுவி, நான் எவ்வளவு நல்ல கணவன் என்று நினைத்துக்கொண்டு குளிக்கப் போனேன்.

ஒன்பதரை மணிக்குச் சாவியைத் தேடினேன். தட்டைப் பார்த்தேன். பளபளவென்று இருந்தது. சுத்தம் என்பது எவ்வளவு பயங்கரமான விஷயம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கீழே ஓடினேன். இந்தத் தடவை சட்டையும் தேவைப்படவில்லை, குடையும் தேவைப்படவில்லை. எங்கள் புளோக்கைச் சுத்தம் செய்யும் தம்பி, திருவாரூர்ப் பக்கத்துக்காரர், குழாயின் அடிவாசலைத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்.

"தம்பி, இங்க இருந்த குப்ப?"

"லாரி வந்து எடுத்துட்டுப் போயி அரை மணி ஆச்சுண்ணே."

"எங்க கொண்டு போவாங்க?"

"எரிக்கிற எடத்துக்கு. என்னண்ணே போட்டீங்க?"

"சாமி பூ. உள்ள வண்டி சாவி."

அவர் என் பனியனையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "சாவி எரியுமான்னு தெரியலண்ணே," என்றார் யோசித்து. "பூ எரிஞ்சிடும்."

இங்கே கொஞ்சம் நிறுத்தி, அந்த வேன் எனக்கு ஏன் உயிர் என்று சொல்ல வேண்டும். உண்மையில் அது என் உயிர் இல்லை, என் மனைவியின் உயிர். லிட்டில் இந்தியாவில், தேக்கா சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில், வாடகைக்கு எடுத்த சமையற்கூடத்தில் அவள் மதியச் சாப்பாடு செய்கிறாள். இருபது வருடம் அலுவலகத்தில் அடுத்தவர் எழுதிய கடிதங்களைத் திருத்திக்கொண்டிருந்தவள், ஒரு நாள் போதும் என்று எழுந்து வந்து, தன் சேமிப்பில் இந்தப் பழைய வேனை வாங்கினாள். முதல் பெரிய வேலையாக அவளுக்குக் கிடைத்தது கிராஞ்சியில் ஒரு செடிப் பண்ணை. அங்கே வேலை செய்யும் நாற்பது பேருக்குத் தினமும் மதியம் பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. ஒரு மாதம் சோதனை, பிடித்திருந்தால் தொடரலாம் என்று பண்ணை மேலாளர் சொல்லியிருந்தார். முன்பு சமைத்துக் கொடுத்தவர் மூன்று தடவை தாமதமாக வந்ததால் வேலையை இழந்தவர் என்பதையும் சொல்லியிருந்தார். எங்கள் மாதத்தில் இன்னும் ஒன்பது நாள் பாக்கி. இந்த நிறுவனத்தில் என் பதவி ஓட்டுநர். இருக்கும் ஒரே ஊழியனும் நான்தான்.

டாக்சியில் ஏற்றலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஒருமுறை டயர் பஞ்சரானபோது முயன்று பார்த்தோம். அந்த ஓட்டுநர் சாம்பார் தூக்கைப் பார்த்தார், தன் இருக்கையின் வெள்ளை உறையைப் பார்த்தார், நாங்கள் கதவைத் திறக்கும் முன்பே போய்விட்டார். கிராஞ்சிக்குப் பேருந்தோ எப்போதாவது வருவது. சாம்பாரோடு அதில் ஏறுவது அதைவிட எப்போதாவது நடப்பது.

மின்தூக்கிக்குப் பக்கத்தில் யாரோ ஒட்டிவைத்திருந்த 'வண்டிப் பூட்டு, சாவி' விளம்பரத்தைப் பார்த்து ஃபோன் செய்தேன். மனைவிக்குத் தெரியாமல் ஒரு மணி நேரத்தில் காரியத்தை முடித்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல் போய் நிற்பது என் திட்டம். திட்டம் நன்றாகத்தான் இருந்தது.

பத்து நிமிடத்தில் மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்து இறங்கினார். முப்பது வயது இருக்கும். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நீளமாக ஒரு வேல் பச்சை குத்தியிருந்தார். முதுகில் பை, கையில் கருவிப் பெட்டி.

"அங்கிள்தான் கூப்பிட்டதா?"

"அண்ணன்னு சொல்லலாம்."

"ஓகே அங்கிள். சாவி எங்க தொலைஞ்சுது?"

"தொலையல. எங்க இருக்குன்னு தெரியும். எடுக்கத்தான் முடியாது."

அவர் வேனைச் சுற்றி வந்தார். கண்ணாடியில் குங்குமம், முன்னால் மாலை, தரையில் நசுங்கிய எலுமிச்சை. "பூசையா? நல்லா வேல செஞ்சிருக்கு," என்றார். பிறகு பெட்டியைத் திறக்காமலே நின்றார். "வண்டி யார் பேர்ல?"

என் திட்டம் அந்த இடத்தில்தான் செத்தது.

"என் ஒய்ஃப் பேர்ல."

"அவங்கள வரச் சொல்லுங்க. இல்ல வீடியோ கால் போடுங்க. ஓனர் ஓகே சொல்லாம நான் ஒரு ஸ்க்ரூகூட தொட மாட்டேன் லா. நாளைக்கு போலீஸ் வந்தா யாரு மாட்டுறது?"

"தம்பி, நான்தான் அவங்க புருஷன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க அங்கிள்."

வேறு வழியில்லை. ஃபோன் திரையில் மனைவி வந்தாள். தலையில் சமையல் வலை, கையில் கரண்டி, பின்னால் ஆவி.

"என்னங்க, கெளம்பிட்டீங்களா?"

"கெளம்பிட்ட மாதிரிதான்."

"மாதிரின்னா?"

"வண்டி இருக்கு. நான் இருக்கேன். சாவி மட்டும் கொஞ்சம்..."

"ஸ்பேர் சாவி அலமாரியில இருக்கு."

"இருந்துச்சு. இப்ப அதுவும் கூடவே போயிருச்சு. ரெண்டும் ரொம்ப ஒத்துமை."

எண்ணெயில் கடுகு வெடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. நேற்று நான் பெருமையாக அனுப்பிய பூ சுற்றிய சாவியின் படம் அவள் மனக்கண்ணில் ஓடியிருக்க வேண்டும். கடுகு ஓய்ந்ததும் கேட்டாள்:

"பூவ எங்க போட்டீங்க?"

"மரத்தடி..." என்று ஆரம்பித்தேன்.

"மழையில. கீழ எறங்கி. நீங்க."

நான்கே வார்த்தை. நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்து அவள் நிறுத்தவுமில்லை. "ஃபோன அந்தத் தம்பிகிட்ட குடுங்க," என்றாள்.

பூட்டுக்காரர் ஃபோனை வாங்கினார். "அக்கா, வண்டி ரெஜிஸ்ட்ரேஷன் மட்டும் காட்டுங்க." அவள் தன் கைப்பேசிக்குள் தேடிப் படமாக அனுப்பிய வண்டிப் பதிவை, இவர் வண்டி எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தார். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது என்பதை இங்கே குறிப்பிட விரும்புகிறேன். அவள் அக்கா. நான் அங்கிள்.

"எவ்ளோ நேரம் ஆகும் தம்பி?"

"ஒன் ஹவர் அக்கா. பூட்டு அடம் பிடிச்சா கொஞ்சம் கூட."

"செய்யுங்க. அவர் கையில மட்டும் எந்த வேலையும் குடுக்காதீங்க."

மணி பத்தே கால் ஆகியிருந்தது. ஒரு நீளக் கம்பியைக் கதவிடுக்கில் விட்டு இரண்டு நிமிடத்தில் கதவைத் திறந்துவிட்டார். அப்படியானால் இத்தனை நாள் நான் பூட்டிப் பூட்டிச் சரிபார்த்ததெல்லாம் எதற்கு என்று தோன்றியது. முதல் காரியமாக பேட்டரியின் ஒரு கம்பியைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த பிளாஸ்டிக் மூடியை எடுத்தார். சாவி போடும் பூட்டு முழுதாகத் தெரிந்தது. இத்தனை வருடத்தில் அதன் வாயை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். வாயில் நேற்று வைத்த சந்தனம் காய்ந்து போயிருந்தது.

"சாவி இருந்தா இது அஞ்சு நிமிஷ வேல அங்கிள்," என்றார். "சாவியப் போட்டு பாதி திருப்பி, இந்த ஓட்டையில ஒரு கம்பிய அழுத்தினா பூட்டு அப்படியே கையில வந்துடும்."

"சாவி இருந்தா நான் உங்கள எதுக்குக் கூப்பிடறேன்?"

"அதான். இத டிசைன் பண்ணவன் உங்கள நெனைச்சே பாக்கல."

சாவி இல்லாததால் பூட்டை அதன் கூட்டோடு பெயர்க்க வேண்டும். ஸ்டியரிங் தண்டோடு அதை இரண்டு போல்ட்டுகள் கவ்விப் பிடித்திருந்தன. போல்ட்டுக்குத் தலை இல்லை. திருடன் கழற்றிவிடக் கூடாது என்று தொழிற்சாலையிலேயே இறுக்கி, தலையை முறித்து அனுப்பிவிடுவார்களாம். சின்ன உளியை வைத்து, சுத்தியலால் ஓரத்தில் தட்டித் தட்டி, நூலளவு நூலளவாகத் திருப்பினார். ஒரு போல்ட் கால் மணி நேரத்தில் வந்துவிட்டது. இரண்டாவது அசையவில்லை. நான் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"பூட்டுல அடிங்க அங்கிள், என் மூஞ்சில இல்ல."

மணி பத்தே முக்கால். கிராஞ்சியில் நாற்பது பேர் கை கழுவிவிட்டு வாசலைப் பார்ப்பது என் கண்முன் வந்தது. அவர்களை எனக்குத் தெரியும். யாருக்குக் கத்திரிக்காய் ஆகாது, யாருக்கு ரசம் தனியாக ஒரு டப்பாவில் வேண்டும் என்று என் மனைவி ஒரு தாளில் எழுதிக் கூடத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கு நாற்பது சாப்பாட்டோடு ஒரு கஞ்சியும் போகும். நான் அதுவரை அந்தத் தாளை ஒரு விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தேன். டார்ச்சை மறுபடி பூட்டின் மேல் திருப்பியபோதுதான், என் மனைவி புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கும் ஒன்றை நான் பொரியோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டேன் என்று உறைத்தது.

"ஒரு ஜோக் சொல்லட்டுமா தம்பி?" என்று கேட்டேன். பயந்தால் எனக்கு அப்படித்தான் வரும்.

"வேணாம் அங்கிள்."

இரண்டாவது போல்ட்டை உளியால் வெல்ல முடியாது என்று துளைக்கருவியை எடுத்தார். இரும்புத்தூள் நேற்று நான் கழுவிவைத்த வண்டித் தரையில் உதிர்ந்தது. கடைசியில் 'டக்' என்று பூட்டு கழன்று அவர் உள்ளங்கையில் விழுந்தது. தன் பையிலிருந்து புதுப் பூட்டை எடுத்தார். அதில் இரண்டு சாவிகள் கம்பியில் கட்டித் தொங்கின. பழைய பூட்டின் முதுகில் இருந்த மின்சுவிட்சைப் பிரித்துப் புதியதில் பொருத்தி, தண்டில் வைத்து இறுக்கினார். நல்லவேளை, சாவிக்குள் மின்சில்லு வைத்த காலத்துக்கு முந்தின வண்டி. புது வண்டியாக இருந்தால் கணினியோடு வந்து பாதி நாள் உட்கார வேண்டியிருக்கும் என்றார். எங்கள் வண்டியின் வயதை முதன்முதலாக ஒருவர் பாராட்டினார்.

"பேட்டரிய நான் மாட்டறேன்," என்றேன். ஏதாவது ஒன்றையாவது நான் செய்ய வேண்டாமா? அவர் ஒரு கணம் தயங்கினார். அக்கா சொன்னது ஞாபகம் வந்திருக்கும். ஆனாலும் இரக்கப்பட்டு ஸ்பேனரைக் கொடுத்தார். மாட்டினேன்.

புதுச் சாவியைப் போட்டுத் திருப்பினார். ஒன்றுமில்லை. மறுபடி திருப்பினார். ஒரு விளக்குகூட எரியவில்லை. அவர் புதுப் பூட்டைப் பார்க்கவில்லை, சுவிட்சைப் பார்க்கவில்லை. நேராக பேட்டரியிடம் போனார். நான் மாட்டிய கம்பியை ஒற்றை விரலால் தொட்டார். அது கழன்று விழுந்தது.

"அக்கா சொன்னாங்க," என்றார், அவ்வளவுதான்.

பதினொன்று இருபத்தைந்துக்கு வண்டி உறுமியது. அந்தச் சத்தத்துக்குக் கற்பூரம் காட்டலாம் போலிருந்தது. கதவுகளின் பூட்டைச் சனிக்கிழமை வந்து மாற்றுவதாகவும், அதுவரை கதவைப் பூட்ட வேண்டாம் என்றும் சொன்னார். "பூட்டினா மறுபடி என்னத்தான் கூப்பிடணும் அங்கிள்."

சந்துக்குள் வேன் நுழைந்தபோது பன்னிரண்டாக எட்டு நிமிடம் இருந்தது. என் மனைவி கூடத்து வாசல் நடைபாதையில் சோற்றுப் பாத்திரம், சாம்பார் தூக்கு, பொரியல் என்று வரிசையாக அடுக்கி நின்றாள். ஏற்றினோம். எப்போதும் வராதவள் அன்று முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"ரெண்டு சாவில ஒண்ணக் குடுங்க."

கொடுத்தேன். தாலிக்கொடியில் எப்போதும் தொங்கும் ஊக்கை எடுத்து, அதில் சாவியைக் கோத்து, மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"இனிமே நான் தொலைஞ்சாக்கூட வண்டி ஓடும்," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. புக்கிட் தீமா சாலை முழுக்க நான் ஏழெட்டு வேடிக்கை சொன்னேன். ஒன்றுக்கு மட்டும் அவள் உதடு லேசாகத் துடித்தது. அதை ஜன்னல் பக்கம் திரும்பி மறைத்துக்கொண்டாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

பண்ணை வாசலில் நாங்கள் போய் நின்றபோது மணி பன்னிரண்டு ஐம்பது. மேலாளர், ஒல்லியான சீனர், வாசலிலேயே நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவி இறங்கி அவரை நோக்கி நடந்தாள். முதுகு விறைப்பாக இருந்தது. நான்தான் காரணம் என்று சொல்லப் பின்னாலேயே ஓடினேன். அதற்குள் செடிகளுக்கு மேல் கட்டியிருந்த நிழல்வலைக்கு அடியிலிருந்து ஒருவர் வேகமாக வந்தார். அங்கே வேலை செய்பவர்களில் மூத்தவர், அறந்தாங்கிக்காரர். நெற்றி நிறையத் திருநீறு.

"பாஸ், டுடே டூல்ஸ் ப்ரேயர்," என்றார் மேலாளரிடம். "வீ நாட் ஃபினிஷ். லஞ்ச் கம், ஆல்சோ கெனாட் ஈட்."

மேலாளர் எட்டிப் பார்த்தார். நிழல்வலைக்குக் கீழே மண்வெட்டி, கத்தரி, மருந்தடிக்கும் கருவி எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு வரிசையாகச் சாய்ந்திருந்தன. நடுவில் ஒரு தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. சுற்றிலும் நாற்பது பேர் மிகுந்த பக்தியோடு நின்றார்கள். சிலர் கையில் சாப்பாட்டுத் தட்டும் இருந்தது.

"டுமாரோ ட்வெல்வ் தர்ட்டி, கேன்?" என்றார் மேலாளர்.

"கேன்," என்றாள் என் மனைவி.

அவர் போனார். சோதனை மாதம் முடிந்து பல மாதமாகிறது. இன்றும் அங்கே அவள் சாப்பாடுதான். ஆனால் அன்று, சோறு பரிமாறிக்கொண்டிருந்தபோது, அறந்தாங்கிக்காரர் என் பக்கம் நகர்ந்து ரகசியமாகச் சொன்னார்: "ஆயுதம் எடுக்குற பூசை காலையில ஏழு மணிக்கே முடிஞ்சிருச்சுண்ணே. அக்கா பத்தரைக்கு ஃபோன் பண்ணி, வண்டிக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்ல, பசியோட இருக்காதீங்க, எதாவது பிஸ்கட் சாப்பிடுங்கன்னாங்க. பிஸ்கட் இருக்கட்டும்னு இன்னொரு சூடம் ஏத்துனோம்."

வண்டிக்கு உடம்பு சரியில்லை என்றிருக்கிறாள். என் பெயரை எடுக்கவே இல்லை. எனக்கு வழக்கமாக வரும் வேடிக்கை அந்த நேரத்தில் ஒன்றும் வரவில்லை.

கிளம்பும்போது அவர்கள் தங்கள் பூசைத் தட்டை என் கையில் கொடுத்துவிட்டார்கள். பொரி, கடலை, வெற்றிலை, அவற்றின் மேல் குவியலாகச் சாமந்தி. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வேனருகே வந்தேன். மழை விட்டிருந்தது. வாசலில் பெரிய புளியமரம் ஒன்று நின்றது. என் மனைவி காலிப் பாத்திரங்களை ஏற்றி முடித்திருந்தாள்.

"இந்தப் பூவ அந்த மரத்தடியிலயே போட்டுடட்டுமா?" என்று கேட்டேன், ரொம்பப் பணிவாக.

அவள் தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"மொதல்ல உதறுங்க."